கல்லூரி லினக்ஸ் மன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் மன்றத்திடம் ஆண்டுதோறும் வரும் கேள்விகள் இவை. முதல் பாதி, புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு. பிற்பாதி, தங்கள் கல்லூரியில் இப்படியொரு மன்றம் தொடங்க நினைப்பவர்களுக்கு.

மன்றத்தில் யார் சேரலாம்? நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா?

எந்தத் துறையும் சேரலாம், எந்த ஆண்டும் சேரலாம். கட்டணம் கிடையாது. நிரல் எழுதத் தெரியாமல் வருபவர்கள்தான் அதிகம், அது குறையே அல்ல. மெக்கானிக்கல் மாணவருக்கு முப்பரிமாண வரைவுக்கான ஃப்ரீகேட், இ.சி.இ. மாணவருக்கு மின்சுற்றுப் பலகை வரையும் கைகேட், யாருக்கும் தமிழாக்கம் என்று வேலைகள் உண்டு. சொந்த லேப்டாப் இல்லாதவர்கள் லேபில் உள்ள பழைய கணினிகளில் பழகலாம். உண்மையில் அவற்றில்தான் பயமில்லாமல் பழக முடியும்.

கூட்டம் ஏன் மாலையில் இல்லாமல் வகுப்பு நேரத்திலேயே நடக்கிறது?

காலேஜ் பஸ் கிளம்பிய பிறகு கூட்டம் வைத்தால் டேஸ்காலர்கள் யாரும் வர மாட்டார்கள். பெண்கள் விடுதிக்கும் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. மிஞ்சுவது ஆண்கள் விடுதியின் இரண்டு அறைகள். அதனால் வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பீரியடை லைப்ரரி ஹவராகவோ அசோசியேஷன் ஹவராகவோ கேட்டு வாங்குவதுதான் சரி. பிற கல்லூரிக்காரர்கள் முதலில் இதற்குத்தான் மெனக்கெட வேண்டும்.

ஓடி (ஆன் டியூட்டி வருகைப்பதிவு) கிடைக்குமா? சர்டிஃபிகேட் உண்டா?

நாள் முழுவதும் நடக்கும் நிறுவல் முகாமுக்கும் வெளியூர் மாநாடுகளுக்கும் ஓடி கேட்கலாம். துறைத்தலைவர் கையெழுத்து மூன்று நாள் முன்னதாகவே வேண்டும். வாராந்தரக் கூட்டத்துக்குச் சான்றிதழ் தருவதில்லை. சான்றிதழுக்காக வந்த கூட்டம் சான்றிதழோடு போய்விடும். ஒரு கட்டற்ற மென்பொருளில் உங்கள் பெயரில் ஏற்கப்பட்ட ஒரு திருத்தம், அது எழுத்துப்பிழைத் திருத்தமாக இருந்தாலும், பொதுவில் யாரும் பார்க்கும்படி நிற்கும்.

லினக்ஸ், திறந்த மூலம், கட்டற்ற மென்பொருள் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஆனால் ஒரே குடும்பம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்துக்கும் இயக்க, உள்ளே பார்த்து மாற்ற, நகலைப் பகிர, மாற்றிய வடிவத்தையும் பகிர என நான்கு உரிமைகளும் உள்ளதே கட்டற்ற மென்பொருள். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் இயங்குதளக் கருவை எழுதிவருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதுவே லினக்ஸ். 1992இல் அது க்னூ பொது உரிமத்தின் கீழ் வந்த பிறகு, க்னூவின் கருவிகளும் அந்தக் கருவும் சேர்ந்து முழு இயங்குதளமாயின. ‘திறந்த மூலம்’ என்ற பெயர் 1998இல் வந்தது. அது உரிமையைவிட உருவாக்கும் முறைக்கு அழுத்தம் தருகிறது.

‘ஃப்ரீ’ என்றால் விலையா, விடுதலையா என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

என் லேப்டாப்புக்கு எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) பொருந்தும்?

ரேமைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 8 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகாலப் பராமரிப்பு) பதிப்பு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா எதுவும் ஓடும். 4 ஜிபி என்றால் இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது லுபுண்டு. 2 ஜிபி ரேம் உள்ள பழைய கருவிக்கு எல்எக்ஸ்க்யூட்டி என்ற இலகு டெஸ்க்டாப்போடு டெபியன் போடலாம், ஆனால் உலாவியில் நான்கு தாவல் திறந்தாலே திணறும். செயலி 32 பிட் என்றால் டெபியன் 12 வரைதான். டெபியன் 13 அந்தச் செயலிகளுக்கு நிறுவியைத் தருவதில்லை.

உபுண்டு எல்டிஎஸ் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்தாண்டு பராமரிப்பு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். முதலாண்டில் போட்டது இறுதியாண்டு வரை நிற்க வேண்டுமென்றால் எல்டிஎஸ்தான்.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தரப்பட்ட பல கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது அது. வீட்டில் அண்ணனோ அக்காவோ வாங்கிய அந்த லேப்டாப் தூசி படிந்து கிடந்தால் கொண்டுவாருங்கள். 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாற்றினாலே பல கருவிகள் இன்னும் சில ஆண்டு ஓடும். விண்டோஸ் 10க்கான பராமரிப்பு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளுக்கும் இதே வழிதான்.

ஹேக்கிங் கற்கத்தான் வந்தேன். நேராகக் காளி லினக்ஸ் போடலாமா?

வேண்டாம். லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு உகந்ததல்ல என்று காளி குழுவினரே தங்கள் ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். ஊடுருவல் சோதனைக்கென்று ஆக்கப்பட்டது அது, அன்றாடப் பயன்பாட்டுக்கானதல்ல. அதில் ஒலி வராமல் போனாலும் வைஃபை போனாலும் அது காளியின் கோளாறா, உங்கள் கைவேலையா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. டெபியனோ மின்ட்டோ போட்டு ஆறு மாதம் பழகுங்கள், காளியை மெய்நிகர் கணினியில் வையுங்கள். கல்லூரி வைஃபையில் எதையும் சோதிக்காதீர்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத வலையமைப்பில் கைவைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

நிறுவல் முகாமுக்கு வருமுன் என்ன செய்ய வேண்டும்?

முந்தின நாள் இரவே இவற்றை வரிசையாக முடித்துவிடுங்கள்.

முதலில் பேக்கப். படங்கள், ரெக்கார்டு, பிராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட்டிஸ்க்கிலோ நண்பரின் கணினியிலோ படியெடுங்கள். அதே டிஸ்க்கின் டி டிரைவில் வைத்தது பேக்கப் ஆகாது.

அடுத்தது பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் உங்களிடம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட் அமைப்பைத் தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கே கடைக்காரர் திறந்து கொடுத்ததாக இருந்தால் சாவியும் அவரிடம்தான். சாவியைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகு, அமைப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, பூட்டு முழுதாக அவிழும்வரை சார்ஜரில் விடுங்கள். சில மணி நேரம் ஆகலாம்.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். இது இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக இடம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபியைக் காலியாக விடுங்கள். அதில் புதிய டிரைவ் உருவாக்க வேண்டாம். 100 ஜிபி காலி இருந்தும் 5 ஜிபிக்கு மேல் சுருக்க விடவில்லை என்றால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மீண்டும் முயலுங்கள்.

சார்ஜர் இல்லாமல் வந்தால் நிறுவல் கிடையாது. பாதியில் அணைந்த கணினியைச் சரிசெய்ய நிறுவுவதைப்போல மூன்று மடங்கு நேரம் பிடிக்கும்.

முகாமில் சீனியர்களே நிறுவிக் கொடுப்பார்களா?

இல்லை. சீனியர் பக்கத்தில் உட்காருவார், விசைப்பலகை உங்கள் கையில். இந்த விதியை நாங்கள் தளர்த்துவதே இல்லை. அடுத்தவர் போட்டுக் கொடுத்த லினக்ஸ் முதல் கோளாறோடு அழிக்கப்பட்டுவிடும். தானே போட்டவர் அதே கோளாறோடு அடுத்த வாரக் கூட்டத்துக்கு வருவார்.

பென்டிரைவிலிருந்து தொடங்க ஹெச்பியில் எஃப்9, லெனோவோவிலும் டெல்லிலும் எஃப்12, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதை முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் வன்பொருள் அமைப்புத் திரை) இயக்க வேண்டும். உடனே நிறுவப் போகாதீர்கள். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் அமர்வில் வைஃபை, ஒலி, டச்பேட், வெளிச்ச விசை, கேமரா ஐந்தையும் பாருங்கள். இங்கே வேலை செய்யாதது நிறுவிய பின் தானாகச் சரியாவது அபூர்வம். பிறகு காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை முழுவதும் ஒரே எக்ஸ்ட்4 பகுதியாகக் கொடுங்கள். கணினியைத் தொடக்கும் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பகுதி ஏற்கெனவே இருக்கும். அதைப் பயன்படுத்தலாம், ஃபார்மட் செய்யக்கூடாது. ‘முழு டிஸ்க்கையும் அழி’ என்ற தேர்வு திரையில் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரை அழைத்துவிட்டுத்தான் அடுத்ததை அழுத்த வேண்டும்.

அடிக்கடி வரும் கோளாறுகள் என்னென்ன?

டிஸ்க்கே தெரியவில்லை: இன்டெல் லேப்டாப்புகளில் சேமிப்பு ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் இருக்கும். பயாஸில் ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸில் சேஃப் மோடை அமைத்து ரீஸ்டார்ட் செய்து, அந்த இடைவெளியில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸைத் திறந்த பிறகு அந்த அமைப்பை நீக்குங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

வைஃபை இல்லை: சில ரியல்டெக், பிராட்காம் சிப்களுக்கு டிரைவர் தனியாக இறங்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் கொடுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நிறுவியதும் கருந்திரை: என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது வரும். பூட் பட்டியலின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெக்கவரி மோடில் நுழைந்து, ரெஸ்யூம் கொடுத்து, டிரைவர் மேலாளரிலிருந்து உரிய டிரைவரைப் போடுங்கள். கையெழுத்திடப்படாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் அப்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரையில் ‘என்ரோல் மோக்’ என்று வரும்போது அதே சொல்லைத் தர வேண்டும். அந்தத் திரை சில நொடிகள்தான் காத்திருக்கும். தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறது: லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரத்துக்கு வித்தியாசம் மிகச் சரியாக 5.30 மணி. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்ற கட்டளை இதைச் சரிசெய்யும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் காணோம்: பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது, பூட் வரிசை மட்டும் மாறியிருக்கும். பயாஸில் உபுண்டுவை மேலே ஏற்றினால் போதும். பதறி மறுபடி நிறுவுவதுதான் பெரிய சேதம்.

விண்டோஸை முழுதாக நீக்கிவிடலாமா?

இறுதியாண்டு முடியும்வரை வைத்திருங்கள். பிளேஸ்மென்ட் தேர்வுகளில் கேமராவால் கண்காணிக்கும் செயலிகள் பல விண்டோஸில் மட்டுமே ஓடும். சாலிட்வொர்க்ஸ் லினக்ஸில் ஓடாது. ஃப்ரீகேட் எல்லா இடத்திலும் அதற்கு ஈடு என்று சொல்லவும் மாட்டோம். கட்டற்ற மென்பொருளின் மேல் உள்ள அன்பால் ஒருவரின் வேலை வாய்ப்பில் விளையாடக்கூடாது.

லேபில் டர்போ சி-யில் ஓடும் நிரல் லினக்ஸில் பிழை காட்டுகிறதே?

பிழை உங்கள் மேல் இல்லை. டர்போ சி, டாஸ் காலத்து 16 பிட் கருவி. ‘கோனியோ’ தலைப்புக் கோப்பும் திரையைத் துடைக்கும் ‘சிஎல்ஆர்எஸ்சிஆர்’ செயற்கூறும் அதற்கே உரியவை, சி மொழியின் தரத்தில் இல்லை. சி++ல் ‘ஐஓஸ்ட்ரீம்’ பெயரோடு புள்ளி ஹெச் சேர்க்கும் வழக்கம் 1998 தரத்துக்கு முந்தியது. அதை லினக்ஸின் தொகுப்பியான ஜிசிசி ஏற்காது. ‘வாய்ட் மெயின்’ என்பதை ‘இன்ட் மெயின்’ ஆக்குங்கள். ரெக்கார்டில் ‘இன்ட்’டின் அளவு 2 பைட் என்று இருக்கும், ஜிசிசியில் 4 வரும். டர்போவில் 32767க்கு மேல் போனால் எதிர்ம எண்ணாக மாறுவதும் இதனால்தான். ஆசிரியரிடம் வாதாடுவதைவிட இரண்டு வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது பலன் தரும்.

மற்ற லேப்களுக்கும் மாற்று உண்டு: மேட்லேபுக்கு ஆக்டேவ், சைலேப். மின்சுற்றுக்கு ஐஐடி பம்பாயின் ஃபாஸீ திட்டத்தில் உருவான ஈசிம். அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பலவற்றைத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம்.

லினக்ஸில் தமிழில் தட்டச்சு செய்வது எப்படி?

ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, வெளியேறி மீண்டும் நுழைந்து, உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99ஐச் சேருங்கள். வெளியேறாமல் தேடுவதால்தான் பலருக்குப் பட்டியலில் அது தெரிவதில்லை. தமிழ்99, 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை. உயிர் 12, மெய்வரிசை 18, ஆய்தம் என 31 விசைகளில் தமிழ் முழுதும் அடங்கும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ போதும், முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும். ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. ஆனால் நிறையத் தட்டச்சு செய்யப் போகிறவர்கள் இரண்டு வாரம் சிரமப்பட்டுத் தமிழ்99 பழகுவது நல்லது.

பங்களிப்பை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். பிரபலமான பெரிய திட்டத்தைத் தேடிப்போய் நிற்பதால் பயனில்லை. முதலில் பங்களிப்பு வழிகாட்டியைப் படியுங்கள். பிறகு ஒரு பிழையை உங்கள் கணினியில் மறுபடி வரவைத்து, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது, என்ன எதிர்பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். இந்த மூன்றும் உள்ள பிழையறிக்கையே நல்ல பங்களிப்பு. நிரல் திருத்தம் என்றால் ஒரு கிளையில் ஒரே ஒரு மாற்றம். பத்து மாற்றங்களை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் பராமரிப்பவர் ஒன்பதை ஏற்க விரும்பினாலும் ஏற்க முடியாது.

2020 அக்டோபரில், திருத்தம் அனுப்புவோருக்குச் சட்டை பரிசளிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் சட்டைக்காக ஆயிரக்கணக்கான வெற்றுத் திருத்தங்கள் குவிந்தன. முகப்புக் கோப்பில் ஓர் உரிச்சொல்லைச் சேர்த்து அனுப்பியவையே அவற்றில் பல. நடுவழியிலேயே விதியை மாற்றி, விரும்பும் திட்டங்கள் மட்டும் பங்கேற்கலாம் என்றாக்கினார்கள். உங்கள் திருத்தத்தை மறுமுனையில் உட்கார்ந்து படிப்பவர் சம்பளமில்லாமல் இரவில் வேலை பார்க்கும் ஒரு மனிதர் என்பதை மறக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைப் புரியாமல் அனுப்புவதும் அவர் நேரத்தைத் திருடுவதுதான்.

தமிழாக்கத்துக்கு ஆள் எப்போதும் தேவை. க்னோம், கேடிஇ, ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ் எல்லாவற்றிலும் இடமுண்டு. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் டிஸ்க்கின் ‘காலி இடம்’ ‘இலவச இடம்’ ஆகிவிடும், ‘சேமி’ ‘காப்பாற்று’ ஆகிவிடும். சதவீதக் குறியோடு வரும் மாறிகளை விட்டுவிட்டால் மொழிக் கோப்பே தொகுக்கப்படாமல் போகலாம். நிரலாளர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் நல்ல நுழைவாயில். தமிழ் எழுத்துகளைக் கணினி எப்படி எண்ணுகிறது என்பது அங்கே புரியும்.

எங்கள் கல்லூரியில் மன்றம் தொடங்க என்ன வேண்டும்?

ஐந்து பேர், ஓர் அறை, ஒரு பொறுப்பாசிரியர். ஐவரில் இருவராவது இரண்டாம் ஆண்டாக இருக்க வேண்டும். ஆசிரியர் லினக்ஸ் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. அறைச் சாவியையும் கையெழுத்தையும் தயங்காமல் தருபவராக இருந்தால் போதும். சென்னை, விழுப்புரம், காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்கள் பேச்சாளர் தேடும்போதும் ஐயங்களுக்கும் நல்ல துணை.

நாற்பது பேருக்கு முகாம் நடத்த என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான முகாம்கள் தடுக்கி விழுவது அங்கேதான். சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட். 65 வாட் சார்ஜர்கள் கணக்குக்கு 21 வரும், 15ஓடு நிறுத்துங்கள். 200 வாட் கேமிங் லேப்டாப்புகளுக்குத் தனி வழி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுக்கக்கூடாது. எந்தச் சுவர் எந்த ஃபியூஸில் இருக்கிறது என்று கல்லூரி எலக்ட்ரீஷியனிடம் முதல் நாளே கேளுங்கள்.

அடுத்து இணையம். உபுண்டுவின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட 6 ஜிபி. நாற்பது பேரும் இறக்கினால் 240 ஜிபி, எந்தக் கல்லூரி வைஃபையும் படுத்துவிடும். ஒருமுறை இறக்கி, அதன் 64 எழுத்து ஷா256 சரிபார்ப்பெண்ணை ஒப்பிட்டு, பல ஐஎஸ்ஓக்களிலிருந்து தொடங்க வைக்கும் வென்டாய் ஏற்றிய 16 ஜிபி பென்டிரைவ் பத்தில் போடுங்கள். ஒரே டிரைவில் உபுண்டு, மின்ட் இரண்டும் இருக்கும். நிறுவிய பின் வரும் அப்டேட்டுகளுக்குப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில், இறங்கிய தொகுப்புகளைத் தேக்கி வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வையுங்கள். முதல் கணினிக்கு இறங்கியதே மற்ற முப்பத்தொன்பதுக்கும் உள்ளூரிலிருந்து போகும். ஹெச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து வரும் தொகுப்புகளை அது தேக்காது என்பதால் மூலப் பட்டியலைச் சரிபாருங்கள்.

நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி. அதற்கு மேல் போனால் தானே நிறுவும் விதி உடைந்து, வழிகாட்டியே விசைப்பலகையைப் பிடுங்கிக்கொள்வார். முகாம் முடிந்த அடுத்த இரண்டு வாரங்களுக்குக் கோளாறு பார்க்கும் அமர்வு கட்டாயம். முகாமில் போட்ட லினக்ஸ் தங்குமா, அழியுமா என்பது அந்த இரு வாரங்களில் முடிவாகும்.

இறுதியாண்டு மாணவர்கள் போனதும் மன்றம் படுத்துவிடுகிறதே?

ஆர்வம் தீர்ந்து படுப்பதில்லை, சாவி கைமாறாமல் படுக்கிறது. டொமைன் ஒருவரின் சொந்த மெயிலில், கிட்ஹப் அமைப்பின் உரிமை இன்னொருவரிடம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண் போவது பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட மூன்றாமவரின் போனுக்கு. அவர் அந்த எண்ணை மாற்றியதும் எல்லாம் முடிந்தது.

பொறுப்பை மூன்றாம் ஆண்டு முடிவில் கைமாற்றுங்கள், நான்காம் ஆண்டில் அல்ல. பழைய பொறுப்பாளர்கள் ஓராண்டு வளாகத்திலேயே இருந்து ஐயம் தீர்ப்பார்கள். மன்றத்துக்கென்று பொது மெயில் ஒன்று, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி கோப்பு ஒன்றில் எல்லாக் கடவுச்சொற்களும், அதன் நகல் இரண்டு மாணவரிடமும் பொறுப்பாசிரியரிடமும் இருக்க வேண்டும். இரண்டடுக்குக்குப் போன் எண்ணைக் கொடுக்காமல் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு உறையில் வையுங்கள். கிட்ஹப் அமைப்புக்கு உரிமையாளர் எப்போதும் மூவர். முகாமின் பொருட்பட்டியல், யாரிடம் அறை கேட்பது, எந்தப் படிவம், சென்ற முறை எது தவறியது எல்லாம் ஒரே களஞ்சியத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். கைமாற்றும் நாளில் புதியவர்கள் ஒவ்வொரு கணக்கிலும் தங்கள் கையால் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றிக் காட்டட்டும். பழையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.